நான்காம் படிவமும் நானும்

மார்ச் மாதம் பிறந்தால் எனக்கு வெயிலுக்கு முன்னால் நான்காம் படிவம்தான் ஞாபகத்துக்கு வரும். சின்னதாகவோ பெரியதாகவோ பத்திரிகை நடத்தியவர்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1956-ஆம் வருடத்துப் பத்திரிகைப் பதிவு விதிகளில் எட்டாவது விதி என்று ஒன்று இருந்தது. பிப்ரவரி கடைசித் தேதிக்குப் பிறகு வரும் முதல் இதழில், பத்திரிகை தன்னைப் பற்றிய விவரங்களைத் தானே அச்சிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. எங்கிருந்து வருகிறது, எத்தனை நாளுக்கொரு முறை வருகிறது, அச்சிடுபவர் யார், வெளியிடுபவர் யார், ஆசிரியர் யார், அவர்கள் எந்த தேசத்தார், விலாசம் என்ன, கடைசியாக உரிமையாளர் யார், மூலதனத்தில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் பங்கு வைத்திருப்பவர்கள் யார் யார். அடியில், எனக்குத் தெரிந்தவரை இதெல்லாம் உண்மை என்று வெளியிடுபவரின் ஒப்பம். எந்தப் பத்திரிகையிலும் யாரும் படிக்காமல் தாண்டிப்போகும் பகுதி இதுதான். நான் ஒருவன் படிப்பேன். குமாஸ்தா புத்தி.

ஓய்வு பெற்று ஸ்ரீரங்கத்தில் குடியேறியபின், இங்கே வந்துகொண்டிருந்த ஓர் உள்ளூர் மாதப் பத்திரிகைக்கு இந்தப் படிவத்தை வருடா வருடம் பூர்த்தி செய்து கொடுத்தது நான்தான். எட்டுப் பக்கம், இலவசம். காலை நடைக்குப் போகிறவர்கள் ஆளுக்கு ஐம்பது பிரதி என்று எடுத்துக்கொண்டு வீட்டுத் திண்ணைகளில் போட்டுவிடுவோம். பேர் வேண்டாம், நடத்தியவர்கள் சிலர் இப்போது இல்லை, இருப்பவர்களைச் சங்கடப்படுத்துவானேன். ஆசிரியர் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. எழுதுகிறவர்கள் ஆறேழு பேர், எல்லோரும் பென்ஷன்தாரர்கள். யாருக்கும் காலணா சம்பளம் கிடையாது. அச்சுக்கூலி மெஸ், நகைக்கடை, கல்யாண கேட்டரிங், கண் ஆஸ்பத்திரி விளம்பரங்களில் வந்துவிடும்.

சம்பளம் வாங்காததில் எங்களுக்கு ஒரு கர்வம் உண்டு. பெரிய பத்திரிகைகள் தேர்தல் நேரத்தில் காசு வாங்கிக்கொண்டு செய்தி போட்டதைப் பற்றி 2010-இல் பிரஸ் கவுன்சிலே ஓர் அறிக்கை கொடுத்தது அல்லவா? அதை எங்கள் மாதக் கூட்டத்தில் ஆசிரியர் அடிக்கடி எடுத்துச் சொல்வார். "நம்மள யாரும் விலைக்கு வாங்க முடியாது சார், ஏன்னா நமக்கு விலையே இல்ல" என்பார். எல்லோரும் சிரிப்போம். காபி வரும்.

எங்களிடம் ஓரவஞ்சனை இல்லையா என்றால், இருந்தது. அது காசில் இல்லை, காலில் இருந்தது. எழுதுகிறவர்கள் எல்லோரும் உத்திர வீதி, சித்திரை வீதிக்காரர்கள். அவர்கள் கால் எங்கே போகுமோ அங்கேதான் செய்தி. சித்திரை வீதியில் ஒரு தெருவிளக்கு எரியாவிட்டால் முதல் பக்கத்தில் "மாநகராட்சி கவனிக்குமா?" மூலத்தோப்புப் பக்கம் குழாயில் கலங்கல் தண்ணீர் வந்தால் ஆறாம் பக்கத்தில் இரண்டு வரி. அதுவும் யாராவது வந்து சொன்னால். 1994-இல் ஸ்ரீரங்கம் நகராட்சியைத் திருச்சி மாநகராட்சியோடு சேர்த்ததை எங்களில் பாதிப்பேர் மன்னிக்கவே இல்லை. ஆகவே பாலத்துக்கு அந்தப்புறம் நடந்த நல்லது எதுவும் எங்களுக்குச் செய்தி இல்லை. வைகுண்ட ஏகாதசி இதழில் எந்தப் பெரியவர் பேர் முதலில் வரவேண்டும் என்பதற்கு ஒருமுறை இரவு பத்து மணிவரை வாதம் நடந்தது. விளம்பரம் தரும் ஆஸ்பத்திரியைப் பற்றிப் புகார்க் கடிதம் வந்தால், "ரெண்டு பக்கமும் விசாரிச்சுட்டுப் போடலாம்" என்று ஆசிரியர் மேஜை இழுப்பறையில் வைப்பார். அந்த இழுப்பறைக்குள் போனது எதுவும் வெளியே வந்து நான் பார்த்ததில்லை.

குறையாகவே சொல்லக்கூடாது. 2018 ஆகஸ்டில் வெள்ளம் வந்து கொள்ளிடம் பழைய பாலத்தின் ஒரு பகுதி இடிந்து போனபோது, சின்ன வயதில் தினமும் அதில் நடந்து பள்ளிக்கூடம் போன ஒருவர் எங்களுக்கு ஒரு பக்கம் எழுதிக்கொடுத்தார். 1928-இல் கட்டிய பாலம். அந்த மாதிரி எழுத எந்தப் பெரிய பத்திரிகைக்கும் ஆள் கிடையாது. அந்த இதழை எடுத்து வைத்திருக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன.

இனி என் கதைக்கு வருகிறேன்.

என் மனைவிக்கு ஊர் ஸ்ரீரங்கம். அடையவளஞ்சான் தெருப் பக்கம் மாமனார் வீடு. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், பின்கட்டு என்று ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த சந்தில் முடியும் நீள வீடு. மாமனார் காலத்துக்குப் பிறகு மைத்துனர்கள் இருவரும் வெளியூர். முன்பகுதி பூட்டிக் கிடந்தது. பின்கட்டில் ஒரு தையல் டீச்சர், எழுபதுகளிலிருந்து வாடகைக்கு இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். கூடவே அவருடைய அக்கா. முட்டி தேய்ந்து வாக்கர் இல்லாமல் நகர முடியாதவர். வாடகை அறுநூறு ரூபாய். மாதம் மூன்றாம் தேதி மணியார்டர் மாதிரி தவறாமல் வந்துவிடும்.

2017-இல் மைத்துனர்கள் அந்த இடத்தை அடுக்குமாடி கட்டுவதற்கு ஒரு கட்டடக்காரரிடம் கொடுக்க முடிவு செய்தார்கள். கைக்குப் பணம் இல்லை, ஆளுக்கு ஒரு வீடு. பெண்ணுக்கும் பங்கு உண்டு என்று பெரிய மைத்துனர் பெருந்தன்மையாகச் சொல்லி, என் மனைவிக்கும் ஒரு வீடு என்று எழுதினார்கள். டீச்சர் மட்டும் காலி செய்ய மறுத்தார். "அக்காவத் தூக்கிக்கிட்டு மாடி வீட்டுக்கா போறது?" என்றார்.

அந்த ஐப்பசியில் நான் எங்கள் பத்திரிகைக்கு ஒரு கட்டுரை எழுதினேன். மழைக்காலத்தில் பழைய வீடுகளின் ஆபத்து பற்றி. மெட்ராஸ் ஒட்டுத் தளத்தில் தண்ணீர் எப்படி இறங்கும், தேக்கு உத்திரத்தைக் கரையான் உள்ளே அரித்து வெளியே எப்படி முழுசாகக் காட்டும், தட்டிப் பார்த்தால் சத்தம் எப்படி மாறும், மண்சுவர் ஊறினால் எத்தனை கனம் தாங்கும் என்றெல்லாம் விவரமாக. இடியும் நிலையில் உள்ள வீடுகளைக் கணக்கெடுத்து, குடியிருப்போரை வெளியேற்ற மாநகராட்சி உடனே நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று முடித்திருந்தேன். முதல் பக்கத்தில் வந்தது. கட்டுரைக்கு மேல் "நமது நிருபர்". எங்கள் பத்திரிகையில் பாதிக் கட்டுரைகளுக்கு அதுதான் பேர். ஆறு பேரே எழுதினால் ஆறு பேர்களே திரும்பத் திரும்ப வரும், நன்றாக இருக்காது என்று ஆசிரியர் செய்த ஏற்பாடு.

கட்டுரைக்கு நல்ல பேர். அதற்கு அடுத்தடுத்த இதழ்களில் கடைசிப் பக்கத்தில் அந்தக் கட்டடக்காரரின் விளம்பரம் வந்தது. ஏன் வந்தது என்று ஆசிரியர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

தை பிறந்து நாலைந்து நாளிருக்கும். டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் மாநகராட்சிக்குக் கட்டடக்காரர் கொடுத்திருந்த மனுவின் நகல். இந்த வீடு அபாயகரமானது, குடியிருப்பவரை அப்புறப்படுத்த வேண்டும் என்று. இணைப்பு ஒன்று, வீட்டின் புகைப்படம். இணைப்பு இரண்டு, எங்கள் பத்திரிகையின் முதல் பக்கம்.

"நல்லா எழுதியிருக்கீங்க சார்" என்றார்.

நான் எழுதியது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"உத்திரத்தத் தட்டிப் பாத்தா சத்தம் மாறும்னு போட்டிருக்கே. ஆடி மாசம் வந்தப்ப நீங்கதான குடைக்காம்பால தட்டித் தட்டிப் பாத்தீங்க."

என் மனைவி உள்ளே போய்விட்டாள்.

டீச்சர் குரலை உயர்த்தவில்லை. "இதுல ஒரு வரி பொய் இல்ல சார். கரையான் இருக்குறது நெசம். ஒழுகுறது நெசம். ஆனா இத எழுதுனவரு அந்த வீட்டு மாப்பிள்ளைன்னு ஒரு வரி போட்டிருந்தா, ஆபீஸ்ல உக்காந்திருக்கிறவரு வேற மாதிரி படிச்சிருப்பாரு. நமது நிருபர்னு போட்டா, ஊரே சொல்றாப்ல இருக்கு."

நான் ஒன்றும் வாங்கவில்லை, ஒரு பைசா வாங்கவில்லை டீச்சர் என்று சொன்னேன். நான் சொன்னது எனக்கே கேட்டது. இரண்டாம் மாடியில் எண்ணூற்றுச் சில்லறை சதுர அடி வரப்போகிறது, பைசா வாங்கவில்லையாம்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நான் மத்திய அரசில் குமாஸ்தாவாக இருந்தவன். 1964-ஆம் வருடத்து நடத்தை விதிகள் எனக்கு மனப்பாடம். நாலாம் விதி சொல்வது இது: தானோ தன் குடும்பத்தாரோ அக்கறை உள்ள எந்த விஷயத்தையும் அரசு ஊழியர் தன் கையால் பைசல் பண்ணக் கூடாது, மேலதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும். எண்பதுகளில் ஒருமுறை அலுவலக நாற்காலிகளைப் பழுது பார்க்க மூன்று கொட்டேஷன் வந்தது. அதில் ஒன்று என் மனைவியின் சித்தப்பா மகன் கடையிலிருந்து. கோப்பில் இரண்டு வரி எழுதி சூப்பரின்டென்டெண்ட் மேஜையில் வைத்தேன். அவர் படித்துவிட்டு, கோப்பைப் பக்கத்து மேஜைக்குத் தள்ளினார். அவ்வளவுதான். என்னைப் பாராட்டவும் இல்லை, சந்தேகப்படவும் இல்லை. மூன்று நாற்காலிக் கால்களுக்கு நான் எழுதிய இரண்டு வரியை, இரண்டு கிழவிகள் குடியிருந்த வீட்டுக்கு எழுதவில்லை.

விதி தெரிவதற்கு முன்பே இது எனக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டதுதான். நான் பிறந்தது காரைக்கால். படித்தது பிரெஞ்சு வழியில், பிரவே பரீட்சை வரைக்கும். வாரத்தில் இரண்டு நாள் "திக்தே", அதாவது வாத்தியார் சொல்லச் சொல்ல எழுதுவது. எழுதி முடித்ததும் பக்கத்துப் பையனோடு நோட்டை மாற்றிக்கொண்டு ஒருவர் பிழையை ஒருவர் திருத்த வேண்டும். என் பக்கத்தில் என் மாமா மகன். ஒருநாள் எங்கள் முசியே வந்து நின்று, "இவன் உனக்கு என்ன வேணும்?" என்றார். சொன்னேன். நோட்டை வாங்கி இன்னொரு பையனிடம் கொடுத்துவிட்டு, "ழ்யூழ் ஏ பார்த்தி" என்றார். நீதிபதியும் நீயே, வழக்காடுபவனும் நீயே என்று அர்த்தம். பிரெஞ்சுக்காரர்களுக்கு இது பழமொழி மாதிரி. நான் முகம் சிவந்து, பிழையெல்லாம் சரியாகத்தான் போட்டேன் என்றேன். "நீ தப்பாகப் போட்டாய் என்று யார் சொன்னது? நான் கேட்கிற வரைக்கும் ஏன் சொல்லவில்லை என்றுதான் கேட்கிறேன்" என்றார். எனக்கு அப்போது பதினொரு வயதிருக்கும்.

மறுநாள் ஆசிரியர் வீட்டுக்குப் போனேன். அடுத்த இதழில் ஒரு குறிப்புப் போட வேண்டும் என்றேன். அவர் நல்ல மனிதர். ஆனால் அசைந்து கொடுக்கவில்லை. "நம்ம பத்திரிகை மேல இருக்கற நம்பிக்கையே போயிடும். இன்னிக்கு நீங்க, நாளைக்கு இன்னொருத்தர். இந்த ஊர்ல யாருக்கு யார் சொந்தம் இல்ல? மெஸ்காரர் என் சம்பந்தி. ஸ்கூல் கரஸ்பாண்டெண்ட் உங்க சகலை. எல்லாத்தையும் போட்டா, செய்தியவிடக் குறிப்பு நீளமாயிடும்."

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆயிரம் மைல் தள்ளி இருக்கும் நிருபருக்கு ஊரில் உறவு இல்லை. எங்களைப் போல ஊருக்குள்ளே உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு உறவுதான் செய்தியே. அது இல்லாவிட்டால் எங்களுக்கு எதுவும் தெரியவும் வராது. சுத்தமாகத் துடைத்த கையோடு எழுத ஆள் தேடினால் பத்திரிகையை மூட வேண்டியதுதான்.

நானும் விடவில்லை. சென்னையில் எஸ். முத்தையா 1991-இல் ஆரம்பித்த 'மெட்ராஸ் மியூசிங்ஸ்' இதழை நண்பர் ஒருவர் எனக்குக் கொண்டுவந்து தருவது வழக்கம். பழைய கட்டடங்களுக்காக ஓயாமல் சண்டை போட்ட பத்திரிகை. யார் யார் கொடுக்கும் பணத்தில் அது நடக்கிறது என்று கம்பெனிகள் பேரை அந்த இதழிலேயே போட்டுவிடுவார்கள். பட்டியல் நீளம்தான். அதனால் யாரும் அதைப் படிக்காமல் விடவில்லை. அதைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"அது சென்னை" என்றார்.

பேரை மறைப்பதற்கு நியாயம் இருந்த காலமும் உண்டு என்று பாரதி கதையைச் சொன்னேன். 'இந்தியா' பத்திரிகையை எழுதி நடத்தியவர் பாரதி. பதிவில் ஆசிரியர் என்று இருந்தது எம். சீனிவாசன் பேர். 1908-இல் ராஜத்துரோக வழக்கு வந்தபோது சிறைக்குப் போனது சீனிவாசன். பாரதி புதுச்சேரிக்கு வந்தார், பத்திரிகையும் பின்னாலேயே வந்தது. அங்கே எதிரில் வெள்ளைக்கார சர்க்கார் இருந்தது. நம் எதிரில் யார் சார் இருக்கிறார்கள், ஒரு தையல் டீச்சர்தானே என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அப்படியானால் டீச்சருக்குப் பதில் எழுத இடமாவது கொடுங்கள் என்றேன். பிரெஞ்சுக்காரர்களின் 1881-ஆம் வருடத்துப் பத்திரிகைச் சட்டத்தில் பதிமூன்றாவது பிரிவு இது. பத்திரிகையில் யாரைக் குறித்து எழுதினார்களோ அவர் பதில் அனுப்பினால் போட்டே ஆக வேண்டும். நாளிதழ் என்றால் மூன்றே நாளில். அந்தச் சட்டம் காலனிகளுக்கும் சேர்த்துப் போட்டது என்பதால் பிரெஞ்சுக்காரர் காலத்தில் எங்கள் காரைக்காலுக்கும் இருந்தது. இதற்கு ஆசிரியர் ஒப்புக்கொண்டார். டீச்சர் ஒப்புக்கொள்ளவில்லை. "எனக்கு எழுத வராது சார். என் பேரு பேப்பர்ல வேண்டாம். அந்த ஒரு வரி போடுங்க, போதும்."

அந்த ஒரு வரியோடு விஷயம் முடிந்துவிடாது என்பது அதை எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. என் கட்டுரையை மறுபடி படித்தேன். பொய் இல்லை. ஆனால் விட்டுப்போனவை இருந்தன. அதே தெருவில் இரண்டு வீடுகளில் உத்திரத்தை மாற்றி, தளம் போட்டு, நன்றாகக் குடியிருக்கிறார்கள்; அதை எழுதவில்லை. ஒழுகுகிறது, ஓட்டைப் பார்த்துக் கொடுங்கள் என்று டீச்சர் என் மாமனாருக்கும் பிறகு மைத்துனருக்கும் எழுதிய கடிதங்கள் எனக்குத் தெரியும்; அதை எழுதவில்லை. வெளியேற்றப்படுகிறவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்வியே கட்டுரையில் இல்லை. வேண்டுமென்று விட்டேனா என்று கேட்டால், சத்தியமாக இல்லை. அந்தப் பக்கம் என் பார்வையே போகவில்லை. "இந்த வீட்டில் என் மனைவிக்குப் பங்கு உண்டு" என்று முதல் வரியாக எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தால் போயிருக்கும் என்று தோன்றுகிறது. கட்டுரையை எழுதாமலே விட்டிருக்கவும் கூடும்.

குறிப்பு 2018 மார்ச் இதழில் வந்தது. ஏழாம் பக்கம், கீழ் மூலை. அந்த மாதம் அங்கே நான் பூர்த்தி செய்து கொடுத்த நான்காம் படிவமும் இருந்ததால், அதற்குக் கீழே மிஞ்சிய இடத்தில் நாலு வரி. 'அக்டோபர் இதழில் வந்த பழைய வீடுகள் பற்றிய கட்டுரையை எழுதியவர் அப்படிப்பட்ட ஒரு வீட்டின் உரிமையாளர்களுக்கு நெருங்கிய உறவினர் என்பதை வாசகர்கள் கவனத்தில் கொள்ள வேண்டுகிறோம்.' பஞ்சாங்கக் குறிப்பைவிடச் சின்ன எழுத்து. என் பேரைப் போடச் சொல்லியிருந்தேன், போடவில்லை.

அதற்குள் டீச்சர் காலி செய்துவிட்டார். நோட்டீஸ் வந்ததும் பயந்து, கட்டடக்காரர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, உறையூரில் தரைத்தள வீடாகப் பார்த்துப் போய்விட்டார். வாடகை பழையதைப் போலப் பல மடங்கு. நான் அந்த இதழை எடுத்துக்கொண்டு ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்துப் போனேன். டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பக்கத்தைத் திருப்பித் திருப்பித் தேடினார். கடைசியில் நான்தான் விரல் வைத்துக் காட்ட வேண்டியிருந்தது. படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். தையல் மிஷின் மேல் வைத்தார். அக்கா உள்ளேயிருந்து, "யாரு வந்திருக்கா?" என்று கேட்டார்.

"நம்ம ஸ்ரீரங்கத்து வீட்டு மாப்பிள்ளை" என்றார் டீச்சர்.

பிறகும் இரண்டு வருடம் அந்தப் பத்திரிகையில் எழுதினேன். என் கட்டுரைகளுக்கு என் பேரைத்தான் போட வேண்டும், யாருக்கு உறவு, யாரிடம் வாடிக்கை என்பது அடியில் வரவேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். மெஸ்ஸைப் பற்றி எழுதினால், அங்கே எனக்கு மாதக் கணக்கு உண்டு என்று போட்டேன். மற்றவர்கள் கேலி செய்தார்கள். "சாருக்கு எழுத்தைவிட வால் நீளம்" என்றார் ஒருவர். ஆறு பேரில் இன்னொருவரும் அப்படிப் போட ஆரம்பித்தார். மற்றவர்கள் கடைசிவரை நமது நிருபர்தான். 2020 மார்ச் இதழ் அச்சாகி வந்த வாரம் ஊரடங்கு வந்துவிட்டது. பிரதிகள் கட்டுப் பிரிக்காமலே கிடந்தன. பத்திரிகை அதோடு நின்றது. 1867-ஆம் வருடத்துப் பழைய பத்திரிகைச் சட்டமே போய், புதுச் சட்டம் 2024 மார்ச் முதல் தேதியிலிருந்து நடைமுறைக்கு வந்துவிட்டது. நான்காம் படிவத்தைக் கையால் கோடு போட்டு எழுதியவர்கள் இனி எத்தனை பேர் இருப்பார்களோ.

இவ்வளவு எழுதிவிட்டு இதையும் சொல்லாமல் விடக்கூடாது. அந்தக் கட்டடம் கட்டி முடிந்து, இரண்டாம் மாடி வீடு என் மனைவி பேரில் இருக்கிறது. வாடகைக்கு விட்டிருக்கிறோம். மாதம் ஏழாம் தேதி அவள் கணக்கில் வரவாகும். எங்கள் இருவருடைய மாத்திரைச் செலவு அதிலிருந்துதான் போகிறது.